அந்த மௌனப்படங்களில் இயேசு ஏன் தூரத்திலேயே நிற்கிறார்?

நீங்கள் கேட்டது இதுதான். பாத்தே என்ற பிரெஞ்சு சினிமாக் கம்பெனி நூற்றி இருபது வருடத்துக்கு முன்னால் எடுத்த இயேசு படத்தைப் போனில் பார்த்தீர்கள். வண்ணம் தீட்டிய பிரதி, முக்கால் மணி நேரம் ஓடுகிறது. அதில் இயேசுவின் முகம் எங்குமே சரியாகத் தெரியவில்லை, எல்லாரும் பள்ளிக்கூட நாடகம் போல வரிசையாக நின்று கையைத் தூக்குகிறார்கள், ஒரு காட்சி முடிந்து அடுத்தது எங்கிருந்தோ தொடங்குகிறது. படம் எடுக்கத் தெரியாததால் இப்படியா, இல்லை சபைக்குப் பயந்து இப்படியா என்று கேட்கிறீர்கள். கூடவே, சினிமாவில் முதன்முதலாக இயேசுவாக நடித்தது யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நமக்கு இன்று அலுப்புத் தட்டுகிற இந்தப் படத்தில் அன்றைக்கு ஜனங்கள் எதைப் பார்த்து அழுதார்கள்?

கல்லூரியில் சினிமா வரலாறு சொல்லிக்கொடுத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் மௌனப்பட வகுப்பில் இந்தப் படத்தில் பத்து நிமிடம் போடுவேன், ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி வரும். ஒரு வருடம் மட்டும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மாணவி, மற்றவர்கள் நெளிந்துகொண்டிருந்தபோது அசையாமல் பார்த்துவிட்டு, "சார், இது படம் இல்லை, சிலுவைப்பாதை" என்றாள். நான் புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் படித்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். கோயில் சுவரில் இயேசு சிலுவை சுமந்து சாகும் வரை நடந்ததைக் காட்டும் பதினான்கு படங்கள் மாட்டியிருக்கும், அதுதான் சிலுவைப்பாதை. தவக்காலத்தில் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, ஜெபம் சொல்லி, முழங்காலிட்டு, எழுந்து அடுத்ததற்குப் போவார்கள். முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கதை எல்லாருக்கும் மனப்பாடம். நின்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பாத்தே படம் அப்படிப் பார்க்க எடுக்கப்பட்டது. அதைக் கதைப்படமாகப் பார்க்க உட்கார்ந்தால் அலுப்புத்தான் வரும், அது உங்கள் குற்றமும் இல்லை, எடுத்தவர்கள் குற்றமும் இல்லை.

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தாலே தெரியும். சினிமா பிறந்து இரண்டே வருடத்தில், 1897இல், பாரிஸில் லெயார் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் கத்தோலிக்கப் பதிப்பகமான போன் பிரஸுக்காக இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பத்தையும் மரணத்தையும், படமாக்கினார். அந்தப் படம் இன்று இல்லை. அதே வருடம் பொஹீமியாவில் ஹோரிட்ஸ் என்ற கிராமத்து ஜனங்கள் நடத்திய பாடுகளின் நாடகத்தை அமெரிக்கர்கள் போய்ப் படம்பிடித்து வந்து பிலடெல்பியாவில் காட்டினார்கள். அதுவும் இன்று இல்லை. சினிமாவைத் தொடங்கிவைத்த லூமியேர் சகோதரர்களின் கம்பெனிக்காக ஜார்ஜ் ஹாட்டோ எடுத்தது பதின்மூன்று காட்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தை ஒட்டி. அன்றைக்கு ஒரு படம் என்றாலே ஒரு நிமிடம்தான். ரயில் வருவது, குழந்தை சாப்பிடுவது, தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவது. அந்த நேரத்தில் பதின்மூன்று நிமிடம், இருபது நிமிடம் ஜனங்களை உட்கார வைக்கிற துணிச்சல் வேறு எந்தக் கதைக்கு இருந்தது? படத்துக்கு முன்பே முழுக்கதையும் பார்ப்பவர் தலைக்குள் இருந்ததால்தான் அது முடிந்தது. நீளப் படம் என்ற யோசனைக்கே இந்தக் கதை ஒரு காரணம் என்பது என் கருத்து, எல்லா ஆய்வாளர்களும் இந்த அளவுக்குச் சொல்ல மாட்டார்கள்.

காட்சிகள் துண்டு துண்டாக இருப்பதற்கு இன்னொரு காரணம் வியாபாரம். அப்போது படங்களை வாடகைக்கு விடவில்லை, துணி மாதிரி அடிக்கணக்கில் விற்றார்கள். பாத்தே பட்டியலில் இயேசு படத்தின் ஒவ்வொரு காட்சியும் தனித்தனியாக விலைக்கு இருந்தது. கையில் காசு குறைவாக இருக்கிறவர் பிறப்பு, கானா ஊர்க் கல்யாணம், இராவுணவு, சிலுவை, உயிர்ப்பு என்று சிலதை மட்டும் வாங்கிப்போவார், அடுத்த வருடம் பணம் வந்தால் இன்னும் சிலதைச் சேர்ப்பார். இயக்குநர்கள் பெர்தினான் ஸெக்காவும் லூசியன் நோங்கேயும் அந்தப் படத்தை ஒரே மூச்சில் எடுக்கவும் இல்லை, 1902இல் தொடங்கி 1905 வரை காட்சிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நீங்கள் பார்த்த பிரதியில் 1903 என்று போட்டிருந்தால் அது தப்பும் இல்லை, முழுச் சரியும் இல்லை. 1907இல் அதே கம்பெனி புதிதாக இன்னொன்று எடுத்தது, அதன் காட்சிகளும் இதன் காட்சிகளும் கலந்து ஒட்டிய பிரதிகளும் சுற்றுகின்றன. ஆகவே ஒவ்வொரு காட்சியும் தன் காலில் நின்றாக வேண்டும், முன்னும் பின்னும் எது வரும் என்று எடுத்தவருக்கே தெரியாது. சிலுவைப்பாதைப் படங்களும் அப்படித்தானே இருக்கின்றன.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது பாதிதான். அன்றைக்கு அரங்கில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் வாசிப்பார், விளக்குவார், சில இடங்களில் பாடகர் குழுவும் ஆர்கனும் இருக்கும். பிலடெல்பியாவில் ஹோரிட்ஸ் படத்தைக் காட்டியபோது நிழற்பட ஸ்லைடுகள், சொற்பொழிவு, பாட்டு எல்லாம் சேர்ந்துதான் ஒரு நிகழ்ச்சி. ஆக, கதையைக் கோர்க்கிற வேலை அந்தக் குரலுடையது, கோர்த்த இடத்தில் நிற்க வைப்பது படத்துடையது. குரலை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிற நமக்குத் துண்டுகளாகத் தெரியாமல் எப்படித் தெரியும்?

சரி, தூரம். முகத்தை ஏன் கிட்டத்தில் காட்டவில்லை? அன்றைய எந்தப் படத்திலும் கேமரா பெரும்பாலும் அப்படித்தான் நின்றது, ஆளைத் தலை முதல் கால் வரை முழுசாகக் காட்டுவதுதான் வழக்கம். இதில் பக்திக்கென்று தனிக் காரணம் தேட வேண்டாம். ஆனால் கிட்டப் போகத் தெரியாது என்பதும் சரியில்லை. கோமோன் கம்பெனிக்காக அலிஸ் கீ 1906இல் எடுத்த 'கிறிஸ்துவின் வாழ்க்கை' இருபத்தைந்து காட்சிகள் கொண்டது. அதில், சிலுவை சுமந்து போகும் இயேசுவின் முகத்தைத் துடைத்து, அந்த முகம் துணியில் பதிந்ததாகச் சொல்லப்படும் வெரோனிக்கா என்ற பெண், துடைத்த பிறகு அவள் அந்தத் துணியை நமக்கு நேரே பிடித்துக் காட்டுகிறாள், அங்கே கேமரா பக்கத்தில் வந்துவிடுகிறது. யோசித்துப் பாருங்கள். கிட்டத்தில் காட்டத் தெரிந்த அந்த இயக்குநர் அதை நடிகரின் முகத்துக்குச் செலவழிக்கவில்லை, துணியில் பதிந்த முகத்துக்குச் செலவழித்தார். அலிஸ் கீயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை: உலகின் முதல் பெண் இயக்குநர், கோமோனில் பத்து வருடம் தயாரிப்பையே நடத்தியவர், அப்படியிருந்தும் இந்தப் படம் வெகு காலம் அவருக்கு உதவியாளராக இருந்த விக்டோரின் ஜாஸ்ஸே பெயரில் வரலாற்றில் இருந்தது. இந்தப் படத்தில் பெண்களும் குழந்தைகளும் எங்கே பார்த்தாலும் இருக்கிறார்கள். தூங்குகிற குழந்தை இயேசுவைச் சுற்றித் தேவதூதர்கள் இசை வாசிக்கிற காட்சி ஒன்று உண்டு. சுவிசேஷத்தில் அப்படி ஒரு சம்பவம் கிடையாது, பார்ப்பவர் யாரும் அதைக் குறையாக நினைக்கவும் மாட்டார்.

அந்தக் காட்சிகளின் அமைப்பு ஓவியத்திலிருந்து வந்தது. கீ பின்பற்றியது ஜேம்ஸ் டிஸ்ஸோ என்ற பிரெஞ்சு ஓவியரை. அவர் பாலஸ்தீனத்துக்கே போய், வீடுகளையும் துணிமணிகளையும் குறித்துக்கொண்டு வந்து, இயேசுவின் வாழ்க்கையை முன்னூற்றைம்பது நீர்வண்ணப் படங்களாக வரைந்தவர். பாத்தே படத்தில் குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சு ஓவியரின் பைபிள் படங்களின் சாயல் தெரிகிறது. இவை அச்சாகி வீடு வீடாகப் போயிருந்தன. நம் வீட்டுச் சுவரில் ரவிவர்மா சரஸ்வதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரஸ்வதி என்றால் அந்த முகம், அந்த வீணை, அந்த மயில் என்று ஆகிவிட்ட பிறகு, வேறு மாதிரி காட்டினால் நாம் அவளை அடையாளம் கண்டுகொள்ள மாட்டோம். பார்ப்பவர் வீட்டில் மாட்டியிருந்த படம் திடீரென்று மூச்சுவிடுகிறது, கையை உயர்த்துகிறது, தண்ணீர் மேல் நடக்கிறது. அழுதார்கள் என்றால் அதற்குத்தான் அழுதிருப்பார்கள். அந்த வண்ணமும் இதனோடு சேர்ந்தது. பாத்தேயில் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிரதியை எடுத்து, அதில் நிறம் வர வேண்டிய இடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, அந்த ஓட்டை வழியே சாயம் பூசினார்கள். விரல்நுனி அளவு கட்டத்தில் தேவதூதனின் உடுப்புக்கு மஞ்சள்!

இனி சபை. இங்கே 'பயம்' என்ற ஒரே சொல்லில் அடங்காத ஒரு கதை இருக்கிறது. 1898 ஜனவரியில் நியூயார்க்கில் ஈடன் மியூசே என்ற மெழுகுப் பொம்மைக் காட்சிக்கூடத்தில் 'ஒபராமெர்காவ் பாடுகளின் நாடகம்' என்று ஒரு படம் போட்டார்கள், ஏறக்குறைய இருபது நிமிடம். பவேரியாவில் ஒபராமெர்காவ் என்ற ஊரில் 1634 முதல் ஜனங்களே நடிக்கிற நாடகம் அது, பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். 1890க்குப் பிறகு அடுத்தது 1900இல். அப்படியானால் 1898இல் காட்டிய படம் எங்கே எடுத்தது? நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், குளிர்காலத்தில். இயேசுவாக நடித்தவர் பிராங்க் ரஸ்ஸல். பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள், ஆனாலும் கூட்டம் குறையவில்லை. போதகர்கள் வந்தார்கள், தங்கள் ஜனங்களையும் கூட்டி வந்தார்கள். ஒரு பிரசங்கி பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் நடத்தவே கிளம்பிவிட்டார்.

இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது அடுத்த விஷயம். அந்தப் படத்துக்கு அடிப்படை சால்மி மோர்ஸ் எழுதிய நாடகம். அதே நாடகத்தை 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றியபோது இயேசுவாக நடித்த ஜேம்ஸ் ஓ'நீலைக் கைது செய்தார்கள். நியூயார்க்கில் மேடையேற்ற மோர்ஸ் எவ்வளவோ முயன்றும் அனுமதி கிடைக்கவில்லை, 1884இல் அவர் இறந்தே போனார். மேடையில் பாவம் என்று தடுக்கப்பட்டது திரையில் தியானமாக ஏற்கப்பட்டது எப்படி? மேடையில் சதையும் ரத்தமுமாக ஒரு நடிகன் நிற்கிறான், நாடகம் முடிந்ததும் அவன் சாராயக்கடைக்குப் போகலாம், நாளைக்கு வேறு வேஷம் கட்டலாம். திரையில் இருப்பது நிழல், கோயில் சுவர்ப்படத்துக்குப் பக்கத்து உறவு. பெயர் போடாததும் இதற்கு உதவியது, பாத்தே நடிகர்கள் யார் என்று அன்றைய பார்வையாளருக்குச் சொல்லப்படவே இல்லை. 'முதல் இயேசு' யார் என்ற உங்கள் கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாமல் நான் நழுவுவதும் இதனால்தான். 1897 படங்கள் கையில் இல்லை. பெயரோடு நிற்கிற முதல் சிலரில் ரஸ்ஸல் ஒருவர், அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம்.

சபைகள் ஒரே குரலில் பேசவும் இல்லை. கத்தோலிக்கப் பதிப்பகமே காசு போட்டுப் படம் எடுத்ததை மேலே சொன்னேன். அதே கத்தோலிக்கத் திருச்சபை 1912 டிசம்பரில், கோயில் கட்டடத்துக்குள் படம் காட்டக் கூடாது என்று ரோமிலிருந்து உத்தரவு போட்டது. இயேசுவைக் காட்டுவதற்கு அல்ல, கோயிலுக்குள் காட்டுவதற்குத் தடை. பிரிட்டன் வேறு வழியில் போனது. 1913இல் வேலையைத் தொடங்கிய அவர்களுடைய தணிக்கை வாரியத்துக்கு ஆரம்பத்தில் இருந்த விதிகள் இரண்டே இரண்டு: நிர்வாணம் கூடாது, கிறிஸ்துவின் உருவம் கூடாது. அதற்குச் சற்று முன், 1912 அக்டோபரில், லண்டனில் சிட்னி ஓல்காட் என்ற இயக்குநரின் இயேசு படமான 'முன்னணையிலிருந்து சிலுவை வரை' திரையிடப்பட்டுப் பெரிய வாதம் நடந்திருந்தது. இரண்டையும் பலர் முடிச்சுப்போடுகிறார்கள். காலம் பொருந்துகிறது, ஆனால் அந்த ஒரு படம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அந்த ஓல்காட் படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் தேடுகிற மாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. கேலம் என்ற அமெரிக்கக் கம்பெனி ஆட்கள் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய் எடுத்தது. எகிப்துக்கு ஓடிப்போகிற காட்சியில் நிஜ ஸ்பிங்க்ஸும் பிரமிடும் பின்னால் நிற்கின்றன. கதை எழுதிய ஜீன் காண்டியேதான் மரியாள், இயேசு ராபர்ட் ஹெண்டர்சன்-பிளாண்ட். காட்சி அமைப்பு இன்னும் டிஸ்ஸோதான், ஆனால் வெயில் நிஜம், புழுதி நிஜம். சிறுவன் இயேசு தோளில் மரக்கட்டையைச் சுமந்து வரும்போது நிழல் சிலுவையாகத் தரையில் விழுகிறது. படம் சிலுவையோடு முடிகிறது, உயிர்ப்பு கிடையாது. நிஜ இடம் வந்ததும் அற்புதங்கள் சுருங்கிவிட்டன என்பது என் கணிப்பு.

நம் பக்கத்துக்கு இந்தப் படங்கள் வந்த கதை உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கலாம். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார். அந்தப் படங்களில் 'இயேசுவின் வாழ்க்கை' ஒன்று. அது எந்தக் கம்பெனிப் படம்? அலிஸ் கீயுடையது 1906, ஆகவே அது இல்லை. பாத்தே என்று ஊகிக்க நல்ல காரணம் இருக்கிறது, ஆனால் ஊகம்தான். பம்பாயில் தாதாசாகேப் பால்கே இயேசு படம் பார்த்துவிட்டு, திரையில் கிறிஸ்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மனக்கண்ணில் கிருஷ்ணரையும் ராமரையும் கண்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அது 1910ஆ 1911ஆ என்பதிலும், பார்த்தது எந்தப் படம் என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மறுபடி மனைவியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. ஆனால் இயேசு படத்தின் தடம் எனக்கு அதைவிட 1918இல் அவர் எடுத்த 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா'வில்தான் நன்றாகத் தெரிகிறது. மிஞ்சியிருக்கிற துண்டில், காளியன் மேல் நின்றபடி கிருஷ்ணன் தண்ணீரிலிருந்து எழுந்து நமக்கு நேரே முகம் காட்டி நிற்கிறான், கரையில் ஜனங்கள் கும்பிடுகிறார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது. அந்த நிற்றலைப் பால்கே கிறிஸ்து படத்தில்தான் கற்றாரா, கோயிலில் கற்றாரா என்று பிரிக்க முடியாது. அச்சுத் தொழிலில் இருந்தவர், ரவிவர்மா படங்களோடு பழகியவர், அவருக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஓவியத்திலிருந்தும் பாடுகளின் நாடகத்திலிருந்தும் அழகு மட்டும் வரவில்லை, யூதர்கள் மேலான பழியும் வந்தது. இந்தப் படங்களில் கூச்சலிடுகிற கூட்டத்தைப் பாருங்கள், கைகளை ஆட்டுகிற குருக்களைப் பாருங்கள், கையைக் கழுவுகிற ரோம ஆளுநன் பிலாத்து மட்டும் நல்லவனாக நிற்பதைப் பாருங்கள். 1927இல் ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டிமில் இயேசுவைப் பற்றி 'ராஜாதி ராஜா' எடுத்தபோது அமெரிக்க யூத அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, பழி ஒரு முழு இனத்தின் மேல் விழாதபடி காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்தட்டைகள் சிலவற்றை அவர் மாற்ற வேண்டி வந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. வகுப்பில் இந்தப் படங்களைப் போடும்போது அதையும் சொல்லாமல் நான் போடுவதில்லை.

அதே டிமில் படத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முந்தி வந்த 'பென்-ஹர்' கிறிஸ்துவின் முகத்தைக் காட்டவே இல்லை, ஒரு கை மட்டும் திரைக்குள் வரும். டிமில் முகத்தைக் காட்டத் துணிந்தார், ஆனால் சும்மா காட்டவில்லை. கண் தெரியாத ஒரு சிறுமி இயேசுவிடம் வருகிறாள். நாம் அவள் கண்ணாக இருக்கிறோம், திரை இருட்டு. மெல்ல வெளிச்சம் கசிகிறது, கலங்கலாக ஏதோ தெரிகிறது, தெளிகிறது, இயேசுவாக நடித்த ஹெச். பி. வார்னரின் முகம் கிட்டத்தில் நிற்கிறது. முப்பது வருடம் தூரத்தில் நின்ற கேமரா கிட்டப் போவதற்கு ஒரு குணமாகும் குழந்தை தேவைப்பட்டிருக்கிறாள். முதலில் அந்தச் சில நிமிடத்தைப் பாருங்கள். பிறகு பாத்தே படத்துக்குத் திரும்பி, மேலே யாரோ ஒட்டிய இசையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் படத்தை நிறுத்தி, வீட்டில் யாரையாவது அந்தப் பகுதியைச் சுவிசேஷத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லி, அப்புறம் ஓட விடுங்கள்.